ஜான் பெஹ்சான் அவர்களின் சிபாரிசு

டெலானிபூர் மேட்டில் தீவிடைப் படகு வாரியத்தின் அலுவலகம் இருக்கிறது. அதன் வாசலில் மூன்று மொழிகளில் ஒரு பலகை: 'இங்கே சிபாரிசுக்கு இடமில்லை.' அரசாங்கப் பலகையில் உண்மை எழுதுவது அபூர்வம். இது அந்த அபூர்வங்களில் ஒன்று. இருந்த இடமெல்லாம் எப்போதோ நிரம்பிவிட்டது. கடல் தாண்டி மெயின்லேண்டிலிருந்து வந்த தலைவர்கள் ஒவ்வொருவரும் மாற்றலாகிப் போகும்போது தமக்கு வேண்டியவர்களில் இரண்டு பேரை இங்கேயே விட்டுவிட்டுப் போனார்கள், ஓதம் வடியும்போது சேறு தங்குவது மாதிரி. ஸ்டெனோவின் தம்பி ஜீப் ஓட்டினார். ஜீப் ஓட்டியவரின் மாமனார் வாசலில் காவல். காவல்காரரின் மருமகள் கேன்டீன். கேன்டீனில் போட்ட டீ தலைவர் மேசைக்குப் போய்ச் சேர்வதற்குள் ஒரு கல்யாண வீட்டையே கடந்துவிடும்.

அந்தச் சொந்தக் கூட்டத்தில் யாருக்கும் எதுவும் ஆகாத ஒரே ஆள் வியாகுலம். மணப்பாட்டுக் கடற்கரைக்காரன். தீவுக்கு வந்து ஒரு வருஷம். வாரியத்தின் ஜெட்டியில் தினக்கூலி. படகு வந்தால் கயிற்றை வாங்கி இரும்புக் குற்றியில் மாட்டுவான், போனால் கழற்றி விடுவான். அவனுக்குத் தெரிந்த இந்தி மொத்தம் மூன்று சொல். ருக்கோ என்றால் நில். கீஞ்சோ என்றால் இழு. சோடோ என்றால் விடு. இந்த மூன்றை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் கடல் வேலை முழுவதையும் செய்துவிடலாம். ஆபீஸில் பிழைக்க நான்காவதாக ஒரு சொல் வேண்டும் என்பது அவனுக்குத் தெரியாது.

குடியிருப்பு சிப்பிகாட்டில். சுனாமிக்குப் பிறகு தாழ்ந்துபோன பூமி, அதனால் வாடகை சல்லிசு. பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் உப்புத்தண்ணீர் வீட்டுக்காரனைப் போல உள்ளே வந்து சுற்றிப் பார்த்துவிட்டுப் போகும். அன்றைக்கு அரிசிப் பானை பரணில் ஏறும். கட்டில் செங்கல்மேல் ஏறும். கட்டில்மேல் ஞானசெல்வி ஏறுவாள். அவளுக்கு நிறைமாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. அவளுடைய ஜெபமெல்லாம் இப்போது ஒன்றே ஒன்றுதான்: பிள்ளை தவழ ஆரம்பிக்கும்போது தரை காய்ந்திருக்க வேண்டும்.

அந்த நேரம் பார்த்து வாரியத்தில் ஒரு லஸ்கர் ரிடையர் ஆனார். லஸ்கர் என்றால் படகில் கயிறு பிடிக்கிற நிரந்தர ஆள். வியாகுலம் ஜெட்டியில் கூலிக்குச் செய்கிற அதே வேலைதான், ஆனால் சம்பளத்தோடு டெலானிபூர் மேட்டில் ஒரு குவார்ட்டர்ஸும் உண்டு. அந்த மேட்டுக்குக் கடல் வரவேண்டுமானால் உலகம் முடிய வேண்டும்.

வியாகுலம் விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு தலைமைக் குமாஸ்தா ரவிச்சந்திரனிடம் போனான். அவரை எல்லோரும் படா பாபு என்பார்கள். தீவிலேயே பிறந்து வளர்ந்தவர். அவர் தமிழில் ஆரம்பித்த வாக்கியம் பெரும்பாலும் இந்தியில் கரை ஏறும்.

"தம்பி, காகஜ் எல்லாம் டீக் இருக்கு. நீச்சல் சர்டிபிகேட், வயசு, எல்லாம் சரி. மகர்… ஆனா…" என்று இழுத்து, கண்ணாடியைக் கழற்றினார். "ஜான் பெஹ்சான் இருக்கா?"

பெங்காலி, தெலுங்கர், மலையாளி, நம்மவர் எல்லாருக்கும் பொதுவாகத் தீவில் ஓடுகிற இந்தியில் இந்தச் சொல்லுக்குத் தெரிந்தவர், பழக்கம், மேலிடத்தில் ஒரு பிடி என்று அர்த்தம். உப்பு புளி மாதிரி தினம் புழங்குகிற சொல். கருவாட்டுக் கடையில் தராசு நம் பக்கம் சாய்வதற்குக்கூட அது வேண்டும்.

மணப்பாட்டுக்காரன் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. போர்த்துக்கீசியர் வந்து போன காலத்திலிருந்து அந்தக் கடற்கரையில் மச்சாது, மிராண்டா, கொறையா, வாஸ் என்று பட்டப்பெயர்கள் உண்டு. ஜான் மச்சாது, ஜான் மிராண்டா, ஜான் கொறையா. அந்த வரிசையில் ஜான் பெஹ்சான் கொஞ்சமும் இடிக்காமல் போய் உட்கார்ந்துகொண்டார்.

"அவுக யாருங்க?" என்றான் வியாகுலம்.

"யாருன்னு நீதான்யா சொல்லணும். அது இல்லாம இங்க ஒண்ணும் ஓடாது. நான் எப்படி உள்ள வந்தேன்? ஜான் பெஹ்சான் இருந்துச்சு, வந்தேன். கதம், முடிஞ்சுபோச்சு."

அவ்வளவு பெரிய மனிதரை 'அது', 'இருந்துச்சு' என்கிறாரே, எத்தனை நெருக்கம் இருந்தால் இப்படிப் பேச வாய் வரும் என்று வியாகுலம் வியந்துகொண்டே வீட்டுக்குப் போனான்.

ஞானசெல்வி கேட்டுவிட்டு முகம் மலர்ந்தாள். "ஜானா? அப்ப நம்ம வேதக்காரவதான! கோயில்ல கேட்டா தெரியுமே."

கோயில் உபதேசியார் தாடையைத் தடவினார். "பெசான்… கோவா பக்கத்துப் பேராட்டு இருக்கும். நம்ம பங்குல ஒம்போது ஜான் இருக்காவ. ஒருத்தரும் வேலை போட்டுக் குடுக்கிற ஜான் இல்ல மக்கா. எல்லாம் வேலை கேட்டு அலையுற ஜான்தான்."

மறுநாள் வியாகுலம் ஜீப் டிரைவர் ராஜமாணிக்கத்தைப் பிடித்தான். ஆபீஸில் எல்லாப் பெரிய மனிதர்களின் வீடும் அவருக்குத்தான் தெரியும்.

"அண்ணே, இந்த ஜான் பெஹ்சான் எங்கண்ணே இருப்பாவ?"

ராஜமாணிக்கம் ஆகாயத்தைக் காட்டினார். "ஊப்பர். மேல."

"மாடியிலயா?"

"அதுக்கும் மேல. எவ்வளவு மேல இருக்கோ அவ்வளவு நல்லது."

"நம்ம ஆபீஸ்ல மட்டுந்தானா?"

"எங்க இல்ல, சொல்லு? ஆஸ்பத்திரி, கப்பல் டிக்கெட், ஸ்கூல் அட்மிஷன். ஜான் பெஹ்சான் தேவைப்படாத இடம் சுடுகாடு ஒண்ணுதான். அங்கயும் காஞ்ச விறகுக்கு வேணும்."

"அண்ணனுக்குப் பழக்கமா?"

"எனக்கும் இருந்துச்சுடா, நல்லா. பழைய சாப் ரிடையர் ஆனாரு பாரு, அன்னிக்கே செத்துப்போச்சு."

வியாகுலம் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டான். "ஐயோ. அடக்கம் எங்கண்ணே?"

ராஜமாணிக்கம் ஸ்டியரிங்கில் குப்புற விழுந்து சிரித்தார். இந்த ஆள் இவ்வளவு நகைச்சுவைக்காரன் என்று தெரியாமல் போயிற்றே என்று ஒரு பீடியும் கொடுத்தார். வியாகுலம் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தான்: ஜான் பெஹ்சான் இரண்டு பேர். பெரியவர் காலமாகிவிட்டார். சின்னவர் பதவியில் இருக்கிறார்.

"அப்ப சின்னவரு நமக்கு மாமா முறைன்னு சொல்லிருங்க" என்றாள் ஞானசெல்வி. "கடற்கரைக்காரவ எல்லாருமே ஒரு வகைல மாமன் மச்சான்தான. பொய்யாவாது."

"விசாரிச்சா?"

"யாரு விசாரிப்பா? ஏழையைச் சொந்தம்னு சொன்னாத்தான் விசாரிப்பாவ. பெரிய ஆளைச் சொந்தம்னு சொன்னா நாற்காலிதான் போடுவாவ."

அவள் ஆபீஸ் வாசலை மிதித்தவளே இல்லை. ஆனால் நிர்வாகம் அவளுக்குப் புரிந்திருந்தது.

தேர்வு இரண்டு பகுதி. முதலில் ஜெட்டியில் கயிறு எறிய வேண்டும். களத்தில் நின்றவர்கள் இரண்டே பேர். மற்ற விண்ணப்பங்கள் எல்லாம் பரிசீலனையிலேயே மூழ்கிவிட்டன. வியாகுலம் எறிந்த கயிறு நேராகப் போய்க் குற்றியில் விழுந்து கண்ணியாக இறுகியது. அடுத்தவர் கௌதம், வாரியத் தலைவரின் சகலை மகன். அவர் கயிற்றின் இரண்டு முனைகளையும் சேர்த்தே எறிந்துவிட்டார். கயிறு கடலோடு போயிற்று. தேர்வுக் குழு குறித்துக்கொண்டது: 'கௌதம், முழு மனத்துடன் எறிந்தார், எதையும் கையில் வைத்துக்கொள்ளாத குணம். வியாகுலம், ஒரே இடத்தில் எறிந்தார், பரந்த பார்வை இல்லை.'

பிறகு நேர்முகம். தலைவர் சந்திரசேகர் சென்னையிலிருந்து புதிதாக வந்தவர். இந்தி தெரியாது. தெரியாது என்பது யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொள்வதிலேயே அவருடைய நிர்வாகத் திறமை முழுவதும் செலவாகிக்கொண்டிருந்தது. யாராவது இந்தியில் பேசினால் கண்ணை மூடி, தலையை மெல்ல அசைத்து, "பார்க்கலாம்" என்பார். அதனால் ஆழமானவர் என்று பெயர். அவருக்குப் பக்கத்தில் பணியாளர் பிரிவு அதிகாரி ரூபா. அவருக்கு இந்தி தெரியும். எப்போது தெரிய வேண்டும் என்பதும் தெரியும்.

"ஆரம்பிக்கும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்" என்றார் தலைவர். "இங்கே திறமைக்கு மட்டும்தான் மதிப்பு. வேண்டியவர், வேண்டாதவர் என்று நான் பார்ப்பதே கிடையாது. வேண்டாதவர் யாரும் இதுவரை இந்த அறைக்குள் வந்ததில்லை, பார்ப்பதற்கு. கௌதமை என் சகலை மகன் என்று யாரும் நினைக்கக்கூடாது. அவனை நான் என் சொந்த மகனாகத்தான் நினைக்கிறேன்."

கௌதமிடம் கேட்ட கேள்வி: "அம்மாவுக்கு முழங்கால் எப்படி இருக்கு?"

"இப்ப பரவாயில்ல சித்தப்பா."

பொது அறிவு, மிக நன்று.

வியாகுலத்திடம் தலைவர் பேனாவை மூடிவிட்டுக் கேட்டார். "உன்னை ஏன் எடுக்க வேண்டும்?"

வியாகுலத்துக்குத் தண்ணீர் ஏறிய தரை கண்ணில் வந்தது. "ஐயா, எனக்கு ஜான் பெஹ்சான் இருக்காவ" என்றான். "மாமா முறை."

தலைவர் கண்ணை மூடினார். அந்தப் பெயரை இந்த மூன்று மாதத்தில் எத்தனையோ தடவை காதில் வாங்கியிருந்தார். 'ஜான் பெஹ்சான் வழியா ஆச்சு', 'ஜான் பெஹ்சான் இருந்தா போதும்', வராந்தாவில், லிஃப்டில், மனமகிழ் மன்றத்தில். யார் இந்த ஆள் என்று கேட்டால் தெரியாதது தெரிந்துவிடும். ஆகவே கேட்டதில்லை. டெல்லியில் ஏதோ செயலாளர் என்று தாமாகவே முடிவு செய்து, இரண்டு முறை தூக்கத்தில் அவருக்கு வணக்கமும் சொல்லியிருக்கிறார். இப்போது அவருடைய மருமகன் எதிரே நிற்கிறான்.

ரூபாவின் காதில் விழுந்தது வேறு. 'எனக்கு மேலே ஆள் இருக்கிறது' என்று நேர்முகத்தில், தலைவர் முகத்துக்கு நேரே ஒரு தினக்கூலி சொல்கிறான். ஆள் பெயரைக்கூடச் சொல்லவில்லை. பெயர் சொல்ல வேண்டாத அளவுக்கு மேலே இருக்கிற ஆள் யாராக இருக்கும் என்று எண்ணிப் பார்த்தார். அவருக்கு வியர்த்தது.

"உட்காருங்கள்" என்றார் தலைவர். "ரூபா, தம்பிக்கு டீ."

மறுநாள் ஜெட்டியில் வியாகுலத்துக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. படா பாபு வேர்க்க விறுவிறுக்க இறங்கி வந்து காதோரம் கேட்டார். "வியாகுலம் ஜி, அன்னிக்கு என்கிட்ட ஒண்ணுமே சொல்லலையே. எவ்வளவு ஊப்பர்?"

"மாடிக்கும் மேலன்னு டிரைவரண்ணன் சொன்னாவ."

படா பாபு அந்த நாற்காலியைத் தம் சட்டைக் கையால் துடைத்துவிட்டுப் போனார்.

அடுத்த அதிகாரிகள் கூட்டத்தில் தலைவர் ஒரு கல்லை எறிந்து பார்த்தார். "நம்ம ஜான் எப்படி இருக்கிறாராம்?" யாருக்கும் சிரிக்கத் துணிவில்லை. தலைவர் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறார் என்பது இரண்டு நிமிஷத்தில் எல்லாருக்கும் விளங்கிவிட்டது. ஆனால் அதிகாரியின் பிழையைத் திருத்துவது அந்த ஆபீஸின் வழக்கமல்ல. சுத்தமாக டைப் அடிப்பதுதான் வழக்கம். கணக்கு அதிகாரி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "நானும் ஜானும் ஒரே பேட்ச், சார்" என்றார். அவ்வளவுதான், சந்தை திறந்துவிட்டது. ஒருவர் மகள் கல்யாணத்துக்கு ஜான் வந்திருந்தார், ரசத்தை இரண்டு முறை கேட்டு வாங்கினார். இன்னொருவரிடம் ஜான் கைக்குட்டை இரவல் வாங்கியிருக்கிறார், திருப்பிக் கொடுக்கவில்லை, ஆனால் கேட்கவா முடியும்? சாயந்திரத்துக்குள் ஜானுக்கு முன்கோபம், முட்டியில் வாதம், பாராடாங் தீவு நண்டில் விருப்பம் என்று ஒரு முழு மனிதன் தேறிவிட்டான்.

பாராடாங்கிலிருந்து வியாகுலம் வீட்டுக்கு ஒரு கூடை நண்டு வந்தது, கால் கட்டி, உயிரோடு. 'மாமாவிடம் சேர்த்துவிடவும்.' வியாகுலம் அடுத்தவர் பொருளைத் தின்று அறியாதவன். கட்டை அவிழ்த்துத் தொட்டியில் விட்டு வைத்தான். பௌர்ணமி வெள்ளம் வந்தபோது அவை தம் வழியில் போயின.

வெளிப்படைத்தன்மை வாரத்தின் நிறைவு விழா வந்தது. மேடையில் தலைவருக்கு வலப்பக்கம் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அதன் முன்னால் 'திரு. ஜான் பெஹ்சான்' என்று அட்டை. தலைவர் ஆங்கிலத்தில் பேசினார். ரூபா வரிக்கு வரி இந்தியில் சொன்னார். பெயரை மட்டும் மொழிபெயர்க்காமல் அப்படியே வைத்துக்கொண்டார்.

"இந்த வாரியத்தில் இன்று நடக்கும் எல்லாமே ஜான் பெஹ்சானால்தான் நடக்கிறது" என்றார் தலைவர்.

ரூபா இந்தியில் சொன்னதும் கூட்டத்தில் ஒரு சலசலப்பு.

"இதை வெளியே சொல்ல நமக்கு ஏன் கூச்சம்? நான் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பதே ஜான் பெஹ்சானால்தான். என் திறமையால் அல்ல."

பின் வரிசையில் ஒரு பெங்காலி எஞ்சின் டிரைவர் எழுந்து நின்றுவிட்டார்.

"இங்கே அமர்ந்திருக்கும் அதிகாரிகளில் ஜான் பெஹ்சான் இல்லாமல் வேலைக்கு வந்தவர் ஒருவர் உண்டா? கை தூக்கட்டும்! வருங்காலத்திலும் ஒவ்வொரு நியமனத்திலும் ஜான் பெஹ்சான் ஒருவரையே வழிகாட்டியாகக் கொள்வோம் என்று இந்த மேடையில் உறுதி கூறுகிறேன்."

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. முப்பது வருஷமாக அந்த மண்டபத்தில் பேச்சுக் கேட்டுத் தூங்கியவர்கள் எல்லாரும் விழித்துக்கொண்டு, இப்படி ஒரு உண்மை பேசும் தலைவரைப் பார்த்ததில்லை என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வியாகுலம் ஓரத்தில் நின்று தன் மாமாவுக்குக் கிடைத்த மரியாதையில் நெஞ்சு விம்மினான். என்றைக்காவது அவரை நேரில் பார்த்துக் காலில் விழுந்து, சொந்தம் சொன்ன பிழைக்கு மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும்.

இவ்வளவு நடந்தும் தலைவருக்கு ஒரு சிக்கல் மிச்சமிருந்தது. ஜானையும் பகைத்துக்கொள்ளக்கூடாது. வேலையும் கௌதமுக்குப் போக வேண்டும். பேரம் தெரிந்தவன் சரக்கை மாற்றுவதில்லை, தராசை மாற்றுகிறான். 'உறவு மூப்புக் குழு' என்று ஒன்று போட்டார். இரண்டு பேரில் ஜானுக்கு யார் நெருக்கம் என்று அது கண்டறிய வேண்டும்.

குழு வியாகுலத்தைக் கேட்டது. "உங்கள் மாமா உங்களை எப்படிக் கூப்பிடுவார்?"

"கூப்பிட்டதே இல்லீங்க."

"கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?"

"பாக்கவே இல்லீங்க. பாக்கணும்னு ஆசை."

'போக்குவரத்து அற்றுப்போன தூரத்து உறவு' என்று எழுதிக்கொண்டார்கள்.

கௌதம் காலை ஆட்டிக்கொண்டே சொன்னார். "ஜான் அங்கிள் என்னைக் குட்டின்னுதான் கூப்பிடுவாரு. எனக்கு மொட்டை போட்டப்ப அவர் மடியிலதான் உக்காந்தேன்." ஜான் வேதக்காரராயிற்றே என்று யாரோ மெல்ல நினைவூட்டினார்கள். கௌதம் உடனே அவருடைய ஞானப்பிள்ளையாகவும் ஆனார். மொட்டையும் ஞானஸ்நானமும் ஒரே மடியில் நடந்தது மத நல்லிணக்கத்துக்குச் சான்று என்று குழு தனியாகப் பாராட்டியது.

நியமனம் கௌதமுக்கு. சேதி வந்த அன்று ஞானசெல்வி கட்டிலில் உட்கார்ந்து அழுதாள். "சொந்த மருமகனைக் கைவிட்டுட்டாரே அந்த மனுசன். அவருக்குப் பிள்ளகுட்டி இல்லையா?"

அடுத்த வீட்டு புஷ்பா எட்டிப் பார்த்தாள். அவளுடைய அப்பா அம்மா இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து வந்து கட்சால் தீவின் ரப்பர்க் காட்டில் குடியேறியவர்கள். அவள் பிறந்தது தீவில். "யாரு அக்கா கைவிட்டது?"

"ஜான் பெஹ்சான்."

புஷ்பா வாசற்படியில் உட்கார்ந்து சிரித்தாள். உள்ளே நின்ற வியாகுலத்தைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஐயோ அண்ணே, அது ஆளு இல்லண்ணே! தெரிஞ்சவங்க, பழக்கவழக்கம், அதத்தான் இந்தியில அப்புடி சொல்றது. எங்களுக்கும் அது இல்லாமத்தான் நாப்பது வருசமா பால் வெட்டிக்கிட்டே கெடந்தோம்." அப்புறம் ஞானசெல்வியின் வயிற்றைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. "டீ போடவா அக்கா?" என்றாள்.

வியாகுலத்துக்கு முதலில் வெட்கம் வந்தது. அதன் பின்னால் ஒரு நியாயம் புலப்பட்டது. ஆளே இல்லையென்றால் கௌதம் தம்பி எப்படி ஞானப்பிள்ளை ஆக முடியும்? அந்த நியமனம் செல்லாதே! இரண்டு பேர் சொன்ன சொந்தத்தையும் தள்ளிவிட்டுப் பார்த்தால் மிஞ்சுவது கயிறு எறிந்த தேர்வு ஒன்றுதானே. அவன் சட்டையை மாட்டிக்கொண்டு மேட்டுக்கு ஓடினான்.

தலைவர் அறையில் ரூபாவும் இருந்தார். வியாகுலம் கையைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னான். "தப்பு என் பேர்லதான் ஐயா. நான் சொன்னது பொய். அப்படி ஒரு ஆளே இல்ல."

தலைவர் நாற்காலியை அவன் பக்கம் திருப்பினார்.

"சரி, அவர் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். போன மாதம் நான் அவருக்கு நன்றிக் கடிதம் எழுதினேனே, அது யாருக்குப் போயிற்று?"

"பதில் வந்துச்சாங்க?"

"வரவில்லை. அவ்வளவு பெரிய மனிதர் பதில் எழுதுவாரா? வந்திருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும்."

"மேடத்துக்கு இந்தி தெரியும். மேடத்தைக் கேளுங்கய்யா."

ரூபா தன் கைவளையலைத் திருகினார். "எனக்குத் தெரிந்தவரை, சார், ஜான் பெஹ்சான் இல்லையென்றால் இந்த ஆபீஸே இல்லை."

"கேட்டாயா?" என்றார் தலைவர். பிறகு குரலைத் தாழ்த்தி, ஒரு குழந்தைக்குச் சொல்வது போலப் பொறுமையாகச் சொன்னார். "வியாகுலம், நன்றாக யோசி. அவர் இல்லையென்றால் கௌதமுக்கு வேலை கொடுத்தது நான் என்றாகிவிடும். என் சகலை மகனுக்கு நானே வேலை கொடுப்பேனா? என் நேர்மை ஊருக்கே தெரியும். நான் கொடுக்கவில்லை. ஆனால் கொடுக்கப்பட்டிருக்கிறது. ஆகவே அவர் இருக்கிறார்."

கடலில் இப்படி ஒரு சுழி இருந்தால் வியாகுலம் படகை அந்தப் பக்கமே விடமாட்டான்.

"இப்படிப் பேசியதற்கு உன்னைக் கூலி வேலையிலிருந்தே நிறுத்தலாம்" என்றார் தலைவர். "நான் அப்படிச் செய்ய மாட்டேன். என்ன இருந்தாலும் நீ அவருக்குச் சொந்தம்."

லஸ்கருக்கு உரிய குவார்ட்டர்ஸ் காலியாகத்தான் இருந்தது. கௌதம் சித்தப்பாவின் பங்களாவில் ஏ.சி. அறையில் இருந்தார். படகு ஏறினால் தலைசுற்றுகிறது என்பதால் அவரைக் கரைப் பணிக்கு மாற்றி, கரைப் பணியில் வெயில் என்பதால் ஆபீஸுக்குள்ளும் மாற்றியிருந்தார்கள். அந்த வீட்டைத் திரு. ஜான் பெஹ்சான் தீவுக்கு வரும்போது தங்குவதற்கென்று ஒதுக்கி உத்தரவு போட்டார் தலைவர். புது மெத்தை, கொசுவலை, தண்ணீர் சுட வைக்கும் பெட்டி எல்லாம் வந்தன. அதைப் பெருக்கித் துடைத்துப் பராமரிக்க நம்பகமான ஓர் ஆள் வேண்டும். அந்த வேலை வியாகுலத்துக்கு. கூலி தினக்கூலிதான்.

ஞானசெல்விக்குப் பெண் பிறந்தது. குப்புற விழுந்தது, நீந்தியது, முட்டியை ஊன்றித் தவழ ஆரம்பித்தது. அந்த மாத அமாவாசைக்குக் காலையிலேயே தண்ணீர் ஏறிவிட்டது. வியாகுலம் வேலைக்குக் கிளம்ப வேட்டியைத் தொடைவரை சுருட்டிக்கொண்டு நின்றான். பிள்ளை கட்டில் விளிம்புக்குத் தவழ்ந்து தவழ்ந்து போயிற்று. ஒவ்வொரு தடவையும் ஞானசெல்வி காலைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

"அங்க வீடு சும்மாத்தான கிடக்கு" என்றாள். "பெருக்கித் துடைச்ச தரை. தண்ணி வடியுற வரைக்கும் இவளை அங்க கொண்டுபோய் விட்டா என்னவாம்? யாரு இருக்கா அங்க?"

"படா பாபுகிட்ட கேட்டேன் செல்வி."

"என்ன சொன்னாரு?"

"இருக்கிற ஆளோட வீடுன்னா அவர்கிட்டக் கேட்டு வாங்கித் தரலாம், இல்லாத ஆளுகிட்ட எப்படிப்பா அனுமதி கேக்கிறதுன்னாரு. நியாயமாத்தான் சொன்னாரு."

ஞானசெல்வி பழைய சேலையின் ஒரு முனையைப் பிள்ளையின் இடுப்பில் கட்டினாள், மறு முனையைக் கட்டில் காலில் கட்டினாள். முடிச்சு சரியாக விழுந்திருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தாள்.

வியாகுலம் தண்ணீரில் இறங்கி நடந்தான். எட்டு மணிக்குள் மேட்டுக்குப் போயாக வேண்டும். நேற்று யாரும் படுக்காத விரிப்பை உருவித் துவைக்கப் போட்டுவிட்டு, இன்று யாரும் படுக்கப்போகாத மெத்தையில் சுருக்கமில்லாமல் வேறொன்றை விரிக்க வேண்டும். ரூபா மேடம் தினம் ஒன்பது மணிக்கு வந்து மெத்தை ஓரத்தில் உட்கார்ந்து சோதித்துப் பார்ப்பார். விரிப்பில் லேசாகக்கூட ஈரம் இருக்கக்கூடாது.